பாதி உண்மை என்றொரு முத்திரை

பிப்ரவரி 4

அடி சந்தேகம்,

என் போனுக்கு அடித்து அடித்து ஓய்ந்திருப்பாய். அதை அணைத்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் போட்டுவிட்டேன். இப்போதைக்கு எடுப்பதாக இல்லை. அதனால்தான் காகிதமும் பேனாவும். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டுகளைப் படித்துப் படித்து எனக்கும் அதே கோழிக் கிறுக்கல் வந்துவிட்டது.

விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். ஊரில் இருக்கிற பொய்யெல்லாம் சரிபார்க்க உன் மேஜைக்குத்தானே வந்து சேர்கிறது! இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கின் புதுக் கட்டடம் திறந்த அன்று எடுத்த போட்டோவில் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பேனே, அந்தப் படம். பக்கத்தில் கண்மூடிக் கிடக்கிற ஒரு கைக்குழந்தையின் படம். கீழே, "கெட்டுப்போன ஃபிரிட்ஜில் இருந்த மருந்தை இந்த நர்ஸ் ஊசியாகப் போட்டதில் குழந்தை இறந்தது. உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள். இவளிடமே கேளுங்கள்" என்று எழுதி என் நம்பர். யார் பெற்ற பிள்ளையோ, செத்துக் கிடக்கிறது, பக்கத்தில் நான் இளித்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாதா?

திட்டினார்கள். என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு அம்மா மட்டும் திட்டவே இல்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதார். எந்தக் குழந்தைக்காக அழுகிறார் என்று தெரியாமல் நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகுதான் போனை அணைத்தேன்.

ஒன்றை உனக்குச் சொல்லிவிட வேண்டும். ஃபிரிட்ஜ் கெட்டது நிஜம். போன மாதம் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் காலை வாரிவிட்டது, அதில் ஃபிரிட்ஜும் கெட்டுவிட்டது. உள்ளே இருந்த தடுப்பு மருந்தெல்லாம் சூடாகிவிட்டது. சூடானால் அது விஷமாகிவிடாது, வீரியம் போய்விடும், அவ்வளவுதான். ஆனாலும் போட மாட்டோம். டாக்டரும் நானும் ஒரு குப்பி விடாமல் ஒதுக்கிவிட்டு, வந்திருந்த அம்மாக்களிடம் "இன்னிக்கு ஊசி இல்லைம்மா, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினோம். ஒரு சொட்டுக்கூட எந்தக் குழந்தை உடம்பிலும் ஏறவில்லை. அந்த மருந்துப் பெட்டிகள் வெளியே போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மிச்சத்தைக் கண், காது, மூக்கு வைத்து அவர்களே செய்துகொண்டார்கள்.

இப்போது ஊசி போடும் நாளில் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரியைத் தெரியுமே, போன தடவை வந்தபோது உன் ஜாக்கெட்டைப் பிடித்துக் கொடுத்தாளே, அவள் குண்டு மகன், நான் உருண்டை என்று கூப்பிடுவேனே, அவனுக்குத் தட்டம்மை ஊசி போடும் வயது வந்துவிட்டது. பிறந்த மறுநாளிலிருந்து நான் தூக்கி வளர்த்த பிள்ளை. இவளே, "கொஞ்ச நாள் போகட்டும் சிஸ்டர்" என்கிறாள். முகத்தைப் பார்க்காமல் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்.

நீ நாலு வரி எழுதிப் போடு. இது பொய் என்று சொல்லு. உன் வேலையே அதுதானே? அவன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், எனக்கு அது போதும்.

அக்கா

*

பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

கடிதம் நேற்று வந்தது. கிளினிக்குக்குப் போன் செய்து உன்னைக் கூப்பிடச் சொன்னேன், "சிஸ்டர் எந்தப் போனையும் எடுக்கிறதில்லை" என்றார்கள். சரி, நானும் எழுதுகிறேன். கையால் எழுதி எவ்வளவு நாளாயிற்று என்று நினைவில்லை. விரல் வலிக்கிறது.

அந்தச் செய்தி எங்கள் திரையில் நீ எழுதுவதற்கு முன்பே வந்துவிட்டது. இங்கே ஆபீஸில் சுவர் முழுக்க ஒரு திரை. எந்தச் செய்தி எத்தனை பேர் கைக்குப் போகிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு வாளி வைத்திருக்கிறோம், அதற்குப் பக்கத்தில் என் நாற்காலி. நிமிர்ந்து பார்த்தேன், நீ சிரித்துக்கொண்டிருந்தாய். ஒரு நிமிடம், அக்கா எதற்காகவோ பரிசு வாங்கியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

உடனே ஆசிரியரிடம் போய், இது என் கூடப்பிறந்தவள் விஷயம் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் செய்திருந்தால் நாளைக்கு அதுவே உனக்கு எதிராகத் திரும்பும். "நீ விவரம் சேகரி, முடிவு நான் பண்றேன்" என்றார். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். கடைசியில் ஒரு முத்திரை குத்துவோம்: உண்மை, பொய், பாதி உண்மை, ஆதாரமில்லை. அதை அவர்தான் குத்துவார்.

குழந்தையின் படம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். பல வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில், வெள்ளம் வந்தபோது, நிவாரண முகாமில் எடுத்தது. எடுத்தவரையே தேடிப் பிடித்துக் கேட்டேன். அந்தக் குழந்தை சாகவே இல்லையாம் அக்கா, தூங்கிக்கொண்டிருந்ததாம். இப்போது பள்ளிக்கூடம் போகிறதாம். உங்கள் கிளினிக்கில் எந்தக் குழந்தையும் இறக்கவில்லை என்பதும் உறுதி. உங்கள் டாக்டரிடம் கேட்டேன், சுகாதார அலுவலகத்திலும் கேட்டேன்.

இப்போது நான் கேட்கப் போவதற்கு நீ கோபப்படுவாய். ஃபிரிட்ஜ் விஷயத்தை எனக்குச் சொன்னாயே, அக்காவாகச் சொன்னாயா, நர்ஸாகச் சொன்னாயா? நர்ஸாகச் சொன்னதென்றால் நான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பாதியை மறைத்தவள் ஆவேன். நீ வேண்டாம் என்றால், ஆசிரியரிடம் இந்தக் கட்டுரையே என்னால் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

ஃபிரிட்ஜ் பற்றி நீ எழுதியதையும் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சொல்லிவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது.

உன் தங்கை

*

பிப்ரவரி 15

அடியே,

டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க தங்கச்சி போன் பண்ணாங்க, நீங்க சொன்னது சரிதானான்னு கேட்டாங்க" என்கிறார். என் முகத்தில் ஈ ஆடவில்லை. அவர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னால் உனக்குப் போதாதா? சின்ன வயதில் உனக்குப் பல் விழுந்தபோது, மறுபடி முளைக்கும் என்று நான் சொன்னதை நம்பாமல் தெருவில் போவோர் வருவோர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்த்தவள் நீ. அன்றைக்கு வைத்த பெயர்தான் சந்தேகம். அப்போது சிரித்தோம். ஊரே என்னைக் கொலைகாரி என்கிறபோது நீயும் வரிசையில் நின்று விசாரித்தால் நான் எங்கே போவேன்?

சரி விடு. உன் பிழைப்பு அது. எனக்கும் ஊசி போடுமுன் குப்பியின் லேபிளை நான் படித்து, இன்னொருத்தி படித்து, அப்புறம்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அவள் படிக்கும்போது நான் கோபப்படுவதில்லை. ஆனால் அவள் என் தங்கை இல்லை பார்.

கேட்டாயே, அக்காவா நர்ஸா என்று. நல்ல கேள்வி! இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஊசி, தலையில் தொப்பி என்று நிற்கும்போது நான் யாரென்று எனக்கே தெரியாது. எழுது. ஃபிரிட்ஜ் கெட்டதையும் எழுது, மருந்தைத் தூக்கிப் போட்டதையும் எழுது. மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை. மறைத்தால்தான் தப்பு செய்த மாதிரி ஆகும்.

ஒன்று மட்டும் செய், சீக்கிரம் எழுது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில் தட்டம்மை வந்திருக்கிறது. அங்கிருந்து இங்கே வர ஒரு இருமல் போதும். நேற்று வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். பிள்ளையை மட்டும் உள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். காலெல்லாம் கடுக்கிறது. உருண்டை இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். என்னைப் பார்த்தால் கை நீட்டுகிறான், அவன் அம்மா தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

அக்கா

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

கட்டுரை இன்று காலை வெளிவந்தது. அச்சடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதே, முழுதாகப் படி. படித்தால் எல்லாம் புரியும்.

முத்திரை "பாதி உண்மை" என்று வந்திருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. ஒரு செய்திக்குள் பல கூற்றுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிப்போம். அதில் ஒன்று சரியாக இருந்தாலும் மொத்தச் செய்திக்கும் "பொய்" என்று குத்தக் கூடாது. இந்தச் செய்தியில் ஃபிரிட்ஜ் கெட்டது சரி. குழந்தை இறந்தது பொய். கெட்ட மருந்தைப் போட்டது பொய். படம் பொய். இத்தனை பொய்க்கு நடுவே அந்த ஒரு ஃபிரிட்ஜ் உட்கார்ந்துகொண்டது.

நான் சண்டை போட்டேன், நம்பு. ஆசிரியர் கெட்டவர் இல்லை. "இப்போ பொய்னு போடுறோம்னு வெச்சுக்கோ. நாளைக்கு எவனாவது அந்தப் பெட்டியோட போட்டோவைப் போட்டான்னா? ஃபிரிட்ஜ் கெட்டதை மறைச்சிட்டாங்கன்னு சொல்வான். அதுக்கப்புறம் நாம எது சொன்னாலும் எடுபடாது" என்றார். நான் மறுபடி வாயைத் திறந்தேன். "உன் அக்காங்கிறதால சொல்றியா, இல்ல வேற யாரா இருந்தாலும் இதைத்தான் சொல்வியா?" என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேனா என்று யோசித்தேன். தெரியவில்லை. என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது அக்கா. முதல் பத்தியிலேயே "எந்தக் குழந்தையும் இறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் மருந்தை ஒதுக்கியது சரியான நடவடிக்கை என்று சுகாதார அதிகாரி சொன்னதையும் போட்டிருக்கிறேன். படிக்கிறவர்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

மிகவும் களைப்பாக இருக்கிறது. ஒரு பொய்யை முடித்து நிமிர்வதற்குள் திரையில் அடுத்தது வந்து நிற்கிறது. இதை மட்டும் முழு மனதோடு செய்தேன்.

உன் சந்தேகம்

*

பிப்ரவரி 26

என்னடி எழுதியிருக்கிறாய்?

பாதி உண்மை என்றால் என்ன அர்த்தம்? குழந்தை பாதி செத்ததா? பாதி உயிரோடு இருக்கிறதா? நான் பாதிக் கொலைகாரியா? எந்தப் பாதி என்று சொன்னால் அதை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு மீதியோடு வீட்டுக்கு வருவேன்.

உன் கட்டுரையை யார் படித்தார்கள் என்று நினைக்கிறாய்? என் படம், அதன் மேல் கோணலாக அந்தச் சிவப்பு முத்திரை. அதை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கீழே, "உண்மை கண்டறியும் குழுவே ஒப்புக்கொண்டது" என்று ஒரு வரி. இத்தனை நாள் அது வெறும் வதந்தி. இப்போது அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. கொடுத்தது என் தங்கை.

கிளினிக்குக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருப்பவர், வாய் நிறைய சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், "சிஸ்டர், பாதி உண்மைன்னு போட்டிருக்காங்களே, எந்தப் பாதி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உன் கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை, "சாவகாசமா படிக்கிறேன்" என்று கல்லாவில் போட்டுக்கொண்டார்.

முன்பாவது நாலைந்து பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். இந்த வாரம் ஒருத்தியும் வரவில்லை. காலை முழுக்க மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூடி உள்ளே வைத்தேன்.

அந்த நாலு முத்திரையையும் போன வருடம் எனக்குக் காட்டி எத்தனை பெருமைப்பட்டாய்! "நாங்க அவசரப்பட்டு எதையும் சொல்ல மாட்டோம்க்கா, தராசு மாதிரி நிறுத்துத்தான் சொல்வோம்" என்றாய். நன்றாக நிறுத்தாய் போ. ஒரு பக்கம் ஒரு ஃபிரிட்ஜ், இன்னொரு பக்கம் இந்தத் தெருவின் பிள்ளைகள், இரண்டும் சமம் என்று சொல்லிவிட்டாய்.

நான் உண்மையைச் சொன்னேன். மறைத்திருந்தால் உன் முத்திரை "பொய்" என்று விழுந்திருக்கும், இல்லையா? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இனிமேல் எழுதாதே.

*

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

முத்திரையை மாற்றிவிட்டோம். இரண்டு வாரம் நான் விடவில்லை. ஆசிரியருக்கு முன் அந்த வெட்டின படத்தை வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், "சரி, ஜனங்க எந்தக் கூற்றை நம்பி பயப்படுறாங்களோ அதுக்குத்தான் முத்திரை போடணும்" என்று அவரே சொன்னார். விதியை மாற்றி எழுதியிருக்கிறோம். இப்போது "பொய்" என்று இருக்கிறது. கீழே, முன்பு வேறு முத்திரை இருந்தது, இன்ன காரணத்தால் மாற்றினோம் என்று திருத்தக் குறிப்பும் போட்டிருக்கிறோம்.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தத் திருத்தத்தை யாரும் பார்க்கவில்லை. பழைய படம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் தினமும் பார்க்கிறேன். மாற்றியதைப் பார்த்துவிட்டு ஒருவர், "அரசாங்கம் மிரட்டியதும் மாற்றிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். அதற்கும் ஆயிரம் பேர் தலையாட்டுகிறார்கள்.

நீ கடைசியில் கேட்டதற்குப் பதில்: ஆமாம். நீ மறைத்திருந்தால் "பொய்" என்றுதான் விழுந்திருக்கும்.

உருண்டைக்கு ஊசி போட்டாயா என்று மட்டும் ஒரு வரி எழுது.

உன் தங்கை

*

மார்ச் 22

அக்கா,

டிப்போ பக்கத்துத் தட்டம்மை பற்றிச் செய்தி வந்திருக்கிறது. உங்கள் தெருவும் அதில் இருக்கிறது. கிளினிக்குக்குப் போன் செய்தேன். "சிஸ்டர் வெளியே போயிருக்காங்க" என்றார்கள். வெளியே என்றால் எங்கே என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை.

என்னைத் திட்டியாவது எழுது.

*

ஏப்ரல் 2

தங்கச்சி,

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டாக்டர்கள் எழுதும் காகிதத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.

உருண்டைக்குத் தட்டம்மை. முதலில் காய்ச்சல், கண் சிவப்பு, இருமல். அவள் என்னிடம் சொல்லவில்லை. சாதாரணச் சளி என்று கைவைத்தியம் பார்த்திருக்கிறாள். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்த பிறகுதான் மாடிப்படி ஏறி வந்தாள். கதவைத் தட்டவில்லை, அப்படியே நின்றாள். நான் யதேச்சையாகத் திறந்தேன். பிள்ளையைக் கையில் வாங்கியதும் மூச்சு இழுப்பது தெரிந்துவிட்டது. அவளிடம் எதுவும் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது. சில நாட்கள், பிழைப்பானா என்று யாரும் சொல்லத் துணியவில்லை. பாவம், உருண்டை என்ற பெயரே பொருந்தாமல் ஆகிவிட்டான். இப்போது தேவலாம். மூச்சு சீராகிவிட்டது, பால் குடிக்கிறான். காதில் சீழ் வைத்திருக்கிறது. வலது காது கேட்குமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள்.

நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நேற்று அவன் தூங்கிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் வராந்தாவில் இருந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, என்னை இத்தனை வருஷமா தெரியும். கண்டவன் அனுப்பினதை நம்பிட்டு, என்னை நம்பலையே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, பிள்ளை படுக்கையில் கிடக்கிறபோது. வாய் தவறி வந்துவிட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கண்டவன் அனுப்பினதை நான் எங்க சிஸ்டர் நம்பினேன்? முதல்ல வந்தப்போவே, இதெல்லாம் சும்மா கிளப்பி விடுறாங்கன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சரிபார்த்து சொல்றவங்க இருக்காங்களே, உங்க தங்கச்சி ஆபீஸ், அவங்க சொல்லட்டும், சொன்ன உடனே போய் போட்டுட்டு வந்துடலாம்னு காத்திட்டிருந்தேன். அவங்க பாதி உண்மைன்னு போட்டாங்க. சொந்த அக்காவுக்கே பொய்னு போட முடியலைன்னா, உள்ள ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? நான் உங்களை நம்பாம இல்ல சிஸ்டர். அவங்களை நம்பினேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. துணி மடிக்கிற மாதிரி எடுத்து வைத்தாள்.

எதையும் விசாரிக்காமல் அந்த வதந்தியை நம்பினவர்கள் பிள்ளைகள் பல பேர் தப்பித்துவிட்டார்கள். நம்புவதற்கு முன் விசாரித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்த ஒருத்தி பிள்ளை இங்கே கிடக்கிறான். நீ எதைச் செய்யச் சொல்லி ஊருக்கெல்லாம் சொல்கிறாயோ அதைத்தான் அவள் செய்தாள்.

உன்னை நோகடிக்க இதை எழுதவில்லை. பிப்ரவரியில் எழுதியது நோகடிக்கத்தான். அந்தக் கோபமெல்லாம் இந்த வராந்தாவில் நடந்து நடந்து தேய்ந்துவிட்டது. எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியாமலே போய்விடும், அதனால் எழுதினேன். யாராவது வந்து உன்னிடம் விசாரித்தால் சரியான தகவல் உன்னிடம் இருக்க வேண்டும் இல்லையா.

உன் கட்டுரையில் தப்பு இல்லை என்று அவளிடம் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். என்னால் முடியவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

இந்தக் கடிதத்தை இதற்கு முன் நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் நன்றாகவே வருகிறது. விதி என்ன, எங்கே பிசகியது, எப்படித் திருத்தினோம் என்று. படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

நான் எப்போதும் பொய் சொல்கிறவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களை நம்பிக் காத்துக்கொண்டு ஒருத்தி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பல நாள் கோபத்தில், யாருமே எங்களைப் படிப்பதில்லை என்று புலம்பியிருக்கிறேன். அவள் படித்திருக்கிறாள். முத்திரையை மட்டும் அல்ல, முழுக்கப் படித்தாளா என்று கேட்க நினைத்தேன். அதையும் அடித்துவிட்டேன். எதைத் தலையில் பெரிதாகக் குத்தினோமோ அதைத்தான் அவள் நம்பினாள், அதற்குத்தானே அதை அங்கே குத்தினோம்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். விடுப்பு கேட்டேன், ஆசிரியர் எதற்கு என்று கேட்டார். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம், நான் போகிறேன் என்றேன்.

அவளிடம் நீ எதுவும் சொல்லிவைக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் நானே பேசுகிறேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 24

அடி சந்தேகம்,

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன். சரி, நீ எழுதமாட்டாய், அந்த மௌனம் எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போதே உன் முகம் செத்துப்போய் இருந்தது.

நீ பேசியதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தவள் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் அடுக்களையில் இருந்தேன், ஆனால் எல்லாம் கேட்டது. உன் விதியைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் குத்தியது தப்பு, அதனால் உங்கள் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னாய். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவள் கேட்ட ஒரே கேள்விதான் உன்னைச் சாய்த்துவிட்டது. "சரிங்க, அப்போ இனிமே நான் எதைப் பார்த்து நம்புறது?" நீ வாயைத் திறந்தாய், மூடினாய். என்னிடம் இருக்கிற பழைய கோபத்துக்கெல்லாம் அது ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

நீ போன மறுநாள் மாலை அவள் மேலே வந்தாள். தைத்து முடித்த என் யூனிபார்மைக் கொடுக்க வந்தவள், போகாமல் நின்றாள். "உங்க தங்கச்சி ஏன் சிஸ்டர் அன்னிக்கு பதிலே சொல்லலை?" என்று கேட்டாள்.

"அவளுக்குத் தெரியலைம்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல அவளுக்கு வராது" என்றேன்.

அதைக் கேட்டு அவள் சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைக்காதே. முகம் அப்படியேதான் இருந்தது. படியில் பாதி இறங்கிவிட்டு நின்று, "என் பெரிய பொண்ணுக்கும் ஒரு ஊசி பாக்கி இருக்குல்ல? வியாழக்கிழமை கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள். அந்த ஃபிரிட்ஜைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். "தாராளமா வா, திறந்தே காட்டுறேன்" என்றேன்.

வந்தாள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூட இழுத்து வந்திருந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து, எத்தனை குளிர் இருக்க வேண்டும், முள் எங்கே நின்றால் ஆபத்து, அன்று எங்கே நின்றது என்று காட்டினேன். குனிந்து பார்த்தார்கள். அவள் என் கையிலிருந்த குப்பியை வாங்கி லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் படித்ததும் அவள் படித்ததும் சரியாக இருந்தது. அப்புறம்தான் பெரியவளின் சட்டைக் கையை மடித்துவிட்டாள். இனி வருகிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் காட்டப் போகிறேன். நேரம் ஆகும். ஆகட்டும், பெஞ்சு ஒன்றும் நிரம்பி வழியவில்லை.

உருண்டையை இடுப்பில் வைத்திருந்தாள். மெலிந்திருக்கிறான், ஆனால் அதே கண். பழக்கத்தில் அவனுடைய வலது பக்கம் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். பெரியவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சுற்றிப் போய் இடது பக்கம் நின்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அக்கா